எந்த ஊரில் வீடு வாங்குவது?

இந்தப் பகுதிக்கு வருகிற கேள்விகளில் பாதி பிள்ளைகளின் தமிழைப் பற்றியது. மற்றப் பாதி வீட்டைப் பற்றியது. "நாங்கள் ரெண்டு பேரும் ஸ்காபரோவில வளர்ந்தனாங்கள். இப்ப வாடகைக்கு இருக்கிறம். ரெண்டாவது பிள்ளை வரப்போகுது. ஏஜாக்ஸா, விற்பியா, ஒஷாவாவா, இல்லாட்டி எப்பிடியாவது மார்க்கமா? எங்க போறது?" கேட்கிற ஆட்கள் வேறு வேறு. ஆனால் கேள்விக்குள்ளே இருக்கிற மூன்று விசயங்களும் அதேதான். முதலில் விலை. பிறகு வேலைக்குப் போய்வருகிற தூரம். கடைசியாகக் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "அங்கத்தைய அரசியல் எப்பிடி? எங்கட பிள்ளையளுக்குச் சரிவருமோ?"

நான் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பக்கம் அது. லண்டன் ஹரோவிலோ சிட்னி வென்வேத்வில்லிலோ இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஊரின் பெயரும் வரியின் பெயரும் மாறும். கணக்குப் போடுகிற முறை மாறாது.

இந்த மூன்றையும் நாங்கள் தனித்தனிக் கேள்விகளாகப் பார்க்கிறோம். விலையை வங்கியோடு கதைக்கிறோம், தூரத்தை மப்பில் பார்க்கிறோம், அரசியலை யாரோ ஒரு சொந்தக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்கிறோம். உண்மையில் மூன்றாவதுதான் முதல் இரண்டையும் பிடித்து ஆட்டுகிறது. அதை விளங்கிக்கொண்டால் ஊரைத் தெரிவு செய்கிற விதமே மாறும்.

விலை

கிழக்கே போகப் போக விலை இறங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ரூஜ் ஆற்றைத் தாண்டினால் பிக்கரிங், பிறகு ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா, போமன்வில். ஸ்காபரோவில் ஒட்டுவீடு வாங்குகிற காசுக்கு ஒஷாவாவில் தனிவீடும் வளவும் கிடைக்கலாம். ஆனால் விளம்பரத்தில் போடுகிற விலை ஒரு எண் மட்டுமே. அதற்குப் பின்னால் வேறு எண்கள் இருக்கின்றன.

முதலாவது, காணி கைமாற்று வரி. ஒன்ராறியோவில் எங்கு வாங்கினாலும் மாகாண அரசுக்கு இது கட்டவேண்டும். ஒரு மில்லியன் டொலர் வீட்டுக்கு 16,475 டொலர். ரொறன்ரோ மாநகர எல்லைக்குள் வாங்கினால் மாநகரசபையும் தன் பங்குக்கு இன்னொரு 16,475 டொலர் வாங்கும். 2008 இலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. முதல்வீடு வாங்குகிறவர்களுக்கு மாகாணம் 4,000 டொலர் வரையும், மாநகரம் 4,475 டொலர் வரையும் கழிவு தரும். கழித்துப் பார்த்தால் ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ஸ்காபரோவில் வாங்குகிறவர் 24,475 டொலர் கட்டுவார். வீதியைக் கடந்து மார்க்கத்தில் அதே விலைக்கு வாங்குகிறவர் 12,475 டொலர் கட்டுவார். ஒரு வீதியின் இரண்டு கரைக்கும் இடையில் 12,000 டொலர் வித்தியாசம்.

"அப்ப ரொறன்ரோவுக்கு வெளியில போறதுதான் லாபம்" என்று இந்த இடத்தில் நிற்பாட்டிவிடக் கூடாது. இரண்டாவது எண் வருடா வருடம் வருகிற சொத்துவரி. ரொறன்ரோவின் வரி வீதம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைந்தவற்றில் ஒன்று. மார்க்கமும் அப்படித்தான். ஒஷாவாவின் வீதம் ரொறன்ரோவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வரிக்காக 5 இலட்சம் டொலர் என்று மதிப்பிட்ட வீட்டுக்கு ரொறன்ரோவில் வருடம் 4,000 டொலருக்குள் முடியும். ஒஷாவாவில் 7,000 டொலரை ஒட்டி வரும். மேலே மிச்சம்பிடித்த 12,000 டொலரை இந்த வித்தியாசம் நாலு வருடத்தில் சாப்பிட்டுவிடும். இதற்குக் காரணம் பெரிய மர்மம் இல்லை. அலுவலகக் கோபுரங்களும் விலை கூடின வீடுகளும் நிறைந்த ஊரில் குறைந்த வீதத்திலேயே தேவையான காசு சேர்ந்துவிடும். அவை குறைந்த ஊரில் வீட்டுக்காரரிடம்தான் கூட வாங்கவேண்டும்.

இதற்காக ரொறன்ரோ என்றைக்கும் மலிவாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அங்கே வீடுகளுக்கான வரி 2024 இல் 9.5 சதவீதமும் 2025 இல் 6.9 சதவீதமும் கூடியது. இன்னொரு விசயம், ஒன்ராறியோ முழுவதும் வீடுகளின் வரி மதிப்பு இன்னும் 2016 ஜனவரி 1 ஆம் திகதி விலையில் நிற்கிறது. புதிய மதிப்பீட்டை மாகாண அரசு தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறது. அது வருகிற நாளில், சராசரியை விடக் கூடுதலாக விலை ஏறிய பகுதிகளில் வரியும் ஏறும். வீடு பார்க்கப் போகும்போது வரி பில்லைக் கேளுங்கள். விற்பனை முகவர் வாயால் சொல்வது போதாது.

மூன்றாவது, கார்க் காப்புறுதி. தபால் குறியீட்டை வைத்து விலை போடுகிறார்கள். ஸ்காபரோவிலிருந்து டர்ஹம் பக்கம் போனால் பொதுவாகக் குறையும். ஆனால் ஸ்காபரோவில் ஒரு காரோடு சமாளித்த குடும்பம் விற்பியில் இரண்டு கார் வைத்திருக்கவேண்டி வரும். ஒரு காரில் குறைந்தது இரண்டாவது காரில் போய்விடும்.

நாலாவது, பிள்ளை பராமரிப்பு. மத்திய அரசின் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்கமுடியாது. இது ஒன்ராறியோ முழுவதற்கும் ஒன்று. இடம் கிடைப்பதுதான் ஊருக்கு ஊர் மாறும். ரொறன்ரோ, யோர்க், டர்ஹம் ஒவ்வொன்றும் தன் பகுதியைத் தானே நிர்வகிக்கிறது. ஸ்காபரோவில் இரண்டு வருடமாகக் காத்திருப்புப் பட்டியலில் நின்ற பெயரை டர்ஹமுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே புதிதாகத்தான் தொடங்கவேண்டும். வீட்டுக்கு விலை பேச முதல் இரண்டு மூன்று நிலையங்களுக்குப் போன் எடுத்துக் கேட்டுவிடுங்கள்.

பயணம்

வீட்டின் விலையை ஒருதரம் பேசி முடிக்கிறோம். பயணத்துக்கு ஒவ்வொரு நாளும் கட்டுகிறோம், காசாகவும் நேரமாகவும்.

முதலில் நேரம். ஒஷாவாவிலிருந்து யூனியன் நிலையத்துக்கு கோ ரயிலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். ஏஜாக்ஸிலிருந்து முக்கால் மணித்தியாலத்தை ஒட்டி வரும். மார்க்கம் கிட்ட இருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் மார்க்கம் நிலையத்திலிருந்தும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல்தான். ஏரிக்கரைப் பாதையில் ஓடுகிற அளவுக்கு அந்தப் பாதையில் ரயில் அடிக்கடி ஓடுவதும் இல்லை. இது ரயிலுக்குள் இருக்கிற நேரம் மட்டும். வீட்டுக் கதவிலிருந்து நிலையம், கார் நிறுத்த இடம் தேடுவது, இறங்கின பிறகு நடை, எல்லாம் சேர்த்தால் ஒஷாவாக்காரருக்குப் போக ஒன்றரை, வர ஒன்றரை. கிழமைக்கு மூன்று நாள், வருடத்துக்கு 48 கிழமை என்று வைத்தால் 432 மணித்தியாலம். இரவையும் பகலையும் சேர்த்து முழுசாகப் 18 நாட்கள். ஐந்து நாளும் போனால் 30 நாட்கள். வருடத்தில் ஒரு மாதம் வழியிலேயே போய்விடும்.

ஐந்து நாள் என்று நான் சும்மா பயமுறுத்தவில்லை. 2020, 2021 இல் வீட்டிலிருந்து வேலை செய்தபோது எத்தனையோ குடும்பங்கள் ஒஷாவா, போமன்வில், அதையும் தாண்டி பீற்றபரோ வரை போனார்கள். அப்போது தூரம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. 2025 ஓகஸ்டில் ஒன்ராறியோ அரசு தன் ஊழியர்களை 2026 ஜனவரி 5 இலிருந்து கிழமையில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. பெரிய வங்கிகளும் நாட்களைக் கூட்டின. ஒரு அமைச்சரவை முடிவால் ஆயிரக்கணக்கான வீடுகளின் காலைநேரம் மாறியது. இப்போது உங்கள் முதலாளி எத்தனை நாள் வரச் சொல்கிறார் என்பதை வைத்து வீடு வாங்க வேண்டாம். ஐந்து நாளும் போகவேண்டி வந்தால் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

இனிக் காசு. காரில் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வேலைக்காகச் சொந்தக் காரை ஓடுகிற ஊழியருக்கு முதலாளி வரியில்லாமல் கொடுக்கக்கூடிய தொகையை அரசு வருடா வருடம் அறிவிக்கும். 2025 இல் முதல் 5,000 கிலோமீற்றருக்கு 72 சதம், அதற்கு மேல் 66 சதம். பெற்றோல், தேய்மானம், காப்புறுதி எல்லாம் சேர்த்து ஒரு கார் ஓட என்ன செலவு என்பதற்கு இது நல்ல அளவுகோல். விற்பியிலிருந்து டவுன்ரவுனுக்குப் போய்வர 100 கிலோமீற்றர், கிழமைக்கு மூன்று நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 14,400 கிலோமீற்றர். செலவு ஏறத்தாழ 9,800 டொலர், அதாவது மாதம் 800 டொலருக்கு மேல். நிறுத்தக் கட்டணம் வேறு. 4.5 சதவீத வட்டியில் 25 வருடத்துக்குக் கடன் எடுத்தால், மாதம் 800 டொலருக்கு ஏறத்தாழ 145,000 டொலர் கடன் கட்டலாம். தூரம் போனதால் ஒன்றரை இலட்சம் டொலர் மிச்சம் என்று சொல்கிறவர் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ரயிலில் போகிறவருக்கு இவ்வளவு வராது. 2024 பெப்ரவரியிலிருந்து ஒரே கட்டணத் திட்டத்தில், கோ ரயிலோடு சேர்த்து உள்ளூர் பஸ்ஸிலும் ரொறன்ரோ சப்வேயிலும் ஏறினால் இரண்டாம்தரம் காசு கட்டத் தேவையில்லை. அதனால் ரயில் நிலையத்துக்குப் பஸ்ஸில் போகக்கூடிய வீடு, இரண்டாவது காரையே தேவையில்லாமல் ஆக்கலாம்.

வரப்போகிற ரயிலை நம்பி மட்டும் வீடு வாங்காதீர்கள். ஸ்காபரோவில் வளர்ந்த எங்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு வேண்டாம். 1985 இல் திறந்த ஸ்காபரோ ஆர்.ரி. பழசாகிப்போனது. அதற்குப் பதிலாக இலகு ரயில் என்று 2012 இல் ஒப்பந்தம் எழுதினார்கள். 2013 இல் மாநகரசபை அதை விட்டுவிட்டு மூன்று நிலையச் சப்வே என்றது. 2016 இல் ஒரே ஒரு நிலையம் என்றது. 2019 இல் மாகாண அரசு எடுத்துத் திரும்பவும் மூன்று நிலையம் என்றது. 2023 ஜூலையில் ஆர்.ரி. தடம்புரண்டு, அதோடு மூடப்பட்டது. சப்வே இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2013 இல் சப்வே வருகுது என்று வீடு வாங்கினவரின் கைக்குழந்தை இன்றைக்குப் பெரிய வகுப்புப் பிள்ளை. அந்தப் பிள்ளை இன்னும் பஸ்ஸில்தான் போகிறது. போமன்வில் வரை கோ ரயில் 2024 இல் ஓடும் என்று 2016 இல் அறிவித்தார்கள். 2024 வந்து போனது, ரயில் வரவில்லை.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். 407 நெடுஞ்சாலையின் பெரும்பகுதி 1999 இல் 99 வருடக் குத்தகைக்குத் தனியாருக்குப் போனது. பிக்கரிங் புறொக் வீதிக்குக் கிழக்கே இருக்கிற பகுதி மாகாண அரசினுடையது. 2025 ஜூன் 1 இலிருந்து அந்தப் பகுதிக்குக் கட்டணம் இல்லை. அதோடு இணைகிற 412, 418 வீதிகளுக்கு 2022 இலேயே எடுத்துவிட்டார்கள். டர்ஹமுக்குள்ளேயே வேலை செய்கிற ஒரு தாதிக்கோ ஆசிரியருக்கோ இது பெரிய விசயம். மார்க்கம் பக்கம் போகிறவருக்கு புறொக் வீதிக்கு மேற்கே மீற்றர் ஓடத் தொடங்கும்.

அரசியல்

இனி அந்தத் தாழ்த்தின குரல் கேள்வி. "அந்த ஊர் கன்சர்வேட்டிவ் ஊராமே?" இப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் ஒஷாவாவைக் காட்டுவேன். 2025 இல் மட்டும் ஒஷாவா மக்கள் பெப்ரவரியில் மாகாண சட்டசபைக்கு என்.டி.பி. உறுப்பினரை அனுப்பினார்கள், ஏப்ரலில் ஒட்டாவாவுக்குக் கன்சர்வேட்டிவ் உறுப்பினரை அனுப்பினார்கள். விற்பியில் மாகாணத்துக்குக் கன்சர்வேட்டிவ், ஒட்டாவாவுக்கு லிபரல். கட்சி நிறத்தை வைத்து உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று சொல்லமுடியாது.

பார்க்கவேண்டியது, எது யார் கையில் இருக்கிறது என்பது. ரொறன்ரோவில் மாநகரம் ஒன்றுதான். டர்ஹமிலும் யோர்க்கிலும் நகரசபைக்கு மேல் பிராந்தியசபை இருக்கிறது. பஸ், பொலிஸ், தண்ணீர் பிராந்தியத்தின் கையில். நூலகம், பூங்கா, நீச்சல் வகுப்பு நகரசபையின் கையில். பள்ளிக்கூடத்துக்குக் கல்விச்சபை, அதற்கு மேல் மாகாணம். மாகாணம் நினைத்தால் கீழே இருக்கிற எதையும் மாற்றும். 2018 இல் ரொறன்ரோ மாநகரசபையை 47 உறுப்பினரிலிருந்து 25 ஆக்கியது. 2025 ஜூனில் ரொறன்ரோவின் பொதுக் கல்விச்சபையும் கத்தோலிக்கக் கல்விச்சபையும் உட்படச் சில சபைகளின் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தது. பெற்றோர் வாக்குப் போட்டுத் தெரிந்த உறுப்பினர்களுக்கு அங்கே அதிகாரம் போய்விட்டது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வெறும் நிலமும் அரசியல்தான். பிக்கரிங்கின் வடக்கே விமானநிலையம் கட்ட என்று மத்திய அரசு 1972 இல் காணிகளை எடுத்தது. கட்டுமா, கட்டாதா என்று 50 வருடத்துக்கு மேல் இழுபட்டு, 2025 ஜனவரியில்தான் அங்கே விமானநிலையம் வராது என்று சொன்னார்கள். அதே பிக்கரிங்கில் பசுமைவலயத்துக்குள் இருந்த விவசாய நிலத்தை வீடு கட்ட என்று 2022 கடைசியில் மாகாணம் விடுவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 2023 செப்ரெம்பரில் அதே அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. "பின்னுக்குக் காடு, ஒருநாளும் கட்டமாட்டாங்கள்" என்று முகவர் சொன்னால் அது யாருடைய காணி, யார் தீர்மானிப்பார் என்று கேளுங்கள்.

"எங்கட பிள்ளையளுக்குச் சரிவருமோ" என்பதற்கு என் பதில் இரண்டு. ஒன்று, அந்த ஊர் மாநகரசபைக் கூட்டத்தின் ஒளிப்பதிவு ஒன்றைப் பாருங்கள். பெரும்பாலான ஊர்கள் இணையத்தில் போடுகின்றன. பிக்கரிங் மாநகரசபை 2025 தொடக்கத்தில் பாதுகாப்புப் பயம் காரணமாகக் கூட்டங்களை இணையவழிக்கு மாற்றியது. அப்படியொன்று நடந்தால், ஏன் நடந்தது, மற்ற உறுப்பினர்கள் அதற்கு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஊரின் மனநிலை விளங்கும். சத்தம் போடுகிற ஒருவரை வைத்து முழு ஊரையும் எடை போடவும் வேண்டாம், அவரை இல்லையென்று விடவும் வேண்டாம்.

இரண்டு, எங்கள் ஆட்கள் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார்கள், என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மார்க்கத்தில் வன்னி என்று ஒரு வீதி இருக்கிறது. பிரம்டனில் 2025 மே மாதம் தமிழின அழிப்பு நினைவுத்தூபி திறந்தார்கள். இவை ஒட்டாவாவில் முடிவானவை இல்லை, ஊர்ச் சபைகளில் முடிவானவை. 2011 இல் ராதிகா சிற்சபைஈசன் ஸ்காபரோ ரூஜ் ரிவரிலிருந்து பாராளுமன்றம் போனபோது, அவர்தான் கனடாவின் முதல் தமிழ் எம்.பி. 2025 இல் யுவனிதா நாதன் வென்ற தொகுதி பிக்கரிங் புறூக்ளின். அவர் தொடங்கியது யோர்க் கல்விச்சபையில், பிறகு மார்க்கம் மாநகரசபை. சனம் கிழக்கே நகர, எங்கள் குரலும் கூடவே நகர்ந்திருக்கிறது. ஆனால் அது தானாக நகரவில்லை. யாரோ கல்விச்சபைக்கு நின்றார்கள், யாரோ வீடு வீடாகக் கதவு தட்டினார்கள்.

ஒரு சின்ன உதாரணம். ஒன்ராறியோவில் 23 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களுக்காகப் பெற்றோர் கேட்டால், ஆரம்பப் பள்ளி வயதினருக்கு அந்த மொழி வகுப்பைக் கல்விச்சபை தொடங்கவேண்டும். ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு இருக்கிறதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது எப்போதும் இருந்த மாதிரித் தெரியும். போமன்வில்லுக்குப் போனால் அந்த 23 பேரைத் தேடுகிற வேலை உங்களுடையது. செய்யமுடியாத வேலை இல்லை. ஆனால் நாளுக்கு மூன்று மணித்தியாலம் பயணம் செய்கிற தாய் தகப்பனுக்கு அதற்கு நேரம் எங்கிருந்து வரும்?

அம்மா அப்பா இருக்கிற தூரம்

வங்கியின் கணக்கிலும் முகவரின் கணக்கிலும் வராத தூரம் ஒன்று உண்டு. அம்மா அப்பா வீட்டுக்கு எவ்வளவு தூரம்?

பிள்ளை பராமரிப்பு நிலையங்கள் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். ஐந்து மணிக்கு வேலை முடித்து யூனியனில் ரயில் ஏறுகிறவர் ஆறு மணிக்கு ஒஷாவாவில் பிள்ளையைத் தூக்கமுடியாது. அப்போது யார் தூக்குவது? எங்கள் வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், அம்மம்மா. அல்லது அப்பம்மா. ஆனால் அம்மம்மா எக்லின்ரன் வீதிப் பக்கத்து மாடிக்கட்டடத்தில் இருக்கிறா. 401 இல் கார் ஓடமாட்டா. பனிக்காலத்தில் ஓடவே மாட்டா.

"அவையளையும் கூட்டிக்கொண்டு போறம், கீழ சூட் போட்டுக் குடுக்கிறம்" என்பார்கள். சட்டம் இப்போது வசதிதான். 2022 கடைசியில் வந்த மாகாணச் சட்டத்தால் பெரும்பாலான நகர்ப்புறக் காணிகளில் ஒரு வளவுக்குள் மூன்று குடியிருப்பு வரை வைக்கலாம். ஆனால் சட்டம் தருவது அறையை மட்டும்தான். ஸ்காபரோவில் அம்மாவுக்குப் பஸ் இருக்கிறது, நடந்துபோய் வாங்கத் தமிழ்க்கடை இருக்கிறது, தமிழில் கதைக்கிற டொக்டர் இருக்கிறார், கோயிலுக்குக் கூட்டிப்போக அதே மாடியில் சிநேகிதி இருக்கிறா. 30 வருடம் எடுத்து அவர் தனக்கென்று கட்டின ஊர் அது. வடக்கு விற்பியின் புது வீட்டுத்திட்டத்தில் அவருக்கு நல்ல அறையும் குளியலறையும் இருக்கும், ஆனால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை யாராவது காரில் ஏற்றினால்தான் வெளியே போகலாம். ஊரை விட்டு ஒருதரம் வந்தவர்களை இன்னொருதரம் இடம்பெயர்க்கிறோம் என்பதை நினைக்கவேண்டும்.

இதைச் சொல்வது, எல்லாரும் ஸ்காபரோவிலேயே இருங்கள் என்பதற்காக இல்லை. ஏஜாக்ஸில் சந்தோசமாக இருக்கிற தாத்தா பாட்டிகள் எத்தனையோ பேர். அங்கே இப்போது கடையும் கோயிலும் சிநேகிதரும் இருக்கிறார்கள். முக்கியமானது, அவர்களை முதலே கேட்பது. எங்கள் வீடுகளில் வழக்கமாகப் பத்திரம் எழுதின பிறகுதான் அம்மாவுக்குச் சொல்லுவோம். "உங்கட விருப்பம் பிள்ளை" என்பா. அது சம்மதம் இல்லை.

என்ன வரிசையில் பார்ப்பது

என்னைக் கேட்டால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பேன். விலையில் தொடங்காதீர்கள், மாலை ஆறு மணியில் தொடங்குங்கள். பிள்ளையைத் தூக்கப்போவது யார், அவர் எங்கே இருந்து வருவார்? அதற்குச் சரிவருகிற ஊர்களை மட்டும் எழுதுங்கள். பட்டியல் சுருங்கிவிடும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, அந்த ஊரிலிருந்து காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய், மாலை திரும்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீடு பார்க்கப் போகிற பாதை எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும். ஜனவரியில் செய்தால் இன்னும் நல்லது.

மூன்றாவதாக, மாதத் தவணை, சொத்துவரி, இரண்டு காரின் செலவு, ரயில், காப்புறுதி, பராமரிப்பு நிலையம் எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குக் கூட்டி, இரண்டு ஊரைப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் வருடத்துக்கு நாலைந்தாயிரத்துக்குள் வந்தால், நேரத்தையும் அம்மாவையும் வைத்து முடிவெடுங்கள்.

கடைசியாக, போகிற ஊரில் வாக்குப் போடுங்கள். ரொறன்ரோவில் 2022 மாநகரசபைத் தேர்தலில் வாக்களித்தவர்கள் பத்துப் பேரில் மூன்று பேர். டர்ஹம் ஊர்களில் அதையும் விடக் குறைவு. இவ்வளவு குறைந்த பேர் வாக்களிக்கிற இடத்தில் ஐம்பது தமிழ்க் குடும்பம் சேர்ந்து வந்தால் ஒரு கல்விச்சபை இடமே மாறலாம். அடுத்த தேர்தல் 2026 ஒக்டோபர் 26. பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, வரி எவ்வளவு கூடும், நூலகம் ஞாயிற்றுக்கிழமை திறக்குமா என்பதை எல்லாம் அன்றைக்குத் தெரிவாகிற ஆட்கள்தான் தீர்மானிப்பார்கள். வீடு வாங்கி முகவரி மாற்றும்போது சாரதி அனுமதிப்பத்திரம், வங்கி, தண்ணீர் பில் எல்லாம் மாற்றுகிறோம். வாக்காளர் பட்டியலிலும் அன்றைக்கே முகவரியை மாற்றிவிடுங்கள்.